தம்பிக்கு இரண்டாம் பெயர்

வீட்டில் ஆண் குழந்தை பிறந்தால் அதன் முதற்பெயர் விரைவில் முடிவாகிவிடும். பெரும்பாலும் அது தாயும் தந்தையும் முன்னரே தமக்குள் பேசிவைத்த பெயராக இருக்கும். அதில் பிறர் தலையிட இடமில்லை. வழக்கெல்லாம் இரண்டாம் பெயரில்தான் எழும். தாத்தாவின் பெயர் எங்கேனும் வந்தாக வேண்டும் என்பார் ஒருவர். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளை, ஆரோக்கியம் என்று சேர்க்காமல் விடலாமா என்பார் மற்றொருவர். எதுவானாலும் நாகரிகமாக இருக்கட்டும் என்பார் சித்தப்பா. ஞானஸ்நானத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, "நீதான் படிக்கிற பிள்ளை, நல்லதாக ஒன்று சொல்லேன்" என்று பொறுப்பு முழுவதும் அக்காளின் தலையில் வந்து விழும்.

மாணவிகளே, இன்று அக்காளாக இருக்கும் நீங்கள் நாளை அத்தையாகப் போகிறவர்கள். பெயரிடும் நாளில் அத்தைக்கு நம் குடும்பங்களில் தனியிடம் உண்டு. ஞானத்தாயாக நிற்கும் நாளும் வரும். ஆகவே இவ்விஷயத்தைக் கொஞ்சம் முறையாகப் படித்துவைப்பது வீண்போகாது.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலேயர் வழக்கில் முதற்பெயர், நடுப்பெயர், குடும்பப்பெயர் என மூன்று உண்டு. அவர்களுடைய நடுப்பெயர் பெரும்பாலும் ஓரெழுத்தாகச் சுருங்கி இரண்டுக்கும் இடையே ஒளிந்துகொள்ளும். அதை எப்படி வைத்தாலும் பெரிய தீங்கில்லை. நமக்கோ, முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பெர்னாண்டோ, ரொட்ரிகோ, மச்சாடோ போன்ற போர்த்துக்கீசியப் பெயர்களைத் தாங்கும் குடும்பங்கள் நீங்கலாக, குடும்பப்பெயர் என்பது பொதுவாகக் கிடையாது. தந்தையின் பெயர் ஓரெழுத்தாகி முன்னே போய் நிற்கிறது. ஆகவே நாம் நடுவில் வைப்பதாக எண்ணும் பெயர் உண்மையில் கடைசியில் நிற்கிறது. கடைசியில் நிற்பதைக் குடும்பப்பெயர் என்று கருதி, வெளியூரார் அதைக்கொண்டே அழைக்கிறார்கள். சூ. ஜான் பிரிட்டோ என்னும் பையன் பம்பாய்க்கோ டில்லிக்கோ வேலைக்குப் போனால் அங்கே அவன் மிஸ்டர் பிரிட்டோ. ஜான் என்பது வீட்டோடு நின்றுவிடும். சுருங்கச் சொன்னால், இரண்டாம் பெயர் முதற்பெயரை விழுங்கிவிடும் ஆற்றல் உடையது. அலங்காரத்துக்கு என்று நினைத்து அதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. தனியே நின்றாலும் ஒரு மனிதனுக்குப் போதுமான பெயராக அது இருக்கவேண்டும்.

இது நம் காலத்துப் புதுமை அன்று. வேதாகமத்தைத் திறந்து பாருங்கள். யோனாவின் மகனுக்குப் பெற்றோர் இட்ட பெயர் சீமோன். ஆண்டவர் அவருக்குப் பாறை என்னும் பொருள்படும் பெயரைச் சேர்த்தார்; இன்று உலகம் அவரைப் பேதுரு என்றே அறியும். சைப்பிரஸ் தீவைச் சேர்ந்த யோசேப்பு என்னும் லேவியருக்கு அப்போஸ்தலர்கள் பர்னபா என்று பெயரிட்டார்கள். ஊக்கத்தின் மகன் என்று அதற்குப் பொருள். அவருக்கு யோசேப்பு என்றொரு பெயர் இருந்ததே நம்மில் பலருக்குத் தெரியாது. மாற்கு என அழைக்கப்பட்ட யோவான், பவுல் என அழைக்கப்பட்ட சவுல் என்று அப்போஸ்தலர் பணிகள் நூலில் இன்னும் வருகிறார்கள். நால்வரிடத்திலும் பின்னால் வந்த பெயரே நிலைத்தது.

திருச்சபையின் சட்டத்திலும் இரண்டாம் பெயருக்கு இடம் உண்டு. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 761ஆம் எண் இதைப் பற்றியது. ஞானஸ்நானம் பெறுகிறவருக்குக் கிறிஸ்தவப் பெயர் இடப்படுமாறு பங்குக்குரு கவனிக்க வேண்டும். அது கைகூடாவிட்டால் பெற்றோர் இட்ட பெயரோடு ஒரு புனிதரின் பெயரையும் சேர்த்து, இரண்டையும் ஞானஸ்நானப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது அதன் கருத்து. நம் பாட்டனார், பாட்டியார் பலருக்கு வீட்டில் ஒரு பெயரும் கோயில் ஏட்டில் வேறொரு பெயரும் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1983 நவம்பர் 27 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்பின் 855ஆம் எண் இவ்வளவு கண்டிப்பானது அன்று. கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயரை இடாதபடி பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பங்குக்குருவும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் அது சொல்கிறது. ஆகவே இனியன், ஆதவன், அமுதன் என்னும் அழகிய தமிழ்ப் பெயர்களுக்கு இன்று தடையேதும் இல்லை. புனிதரின் பெயர் வேண்டுமென்றால் அதை இரண்டாம் இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

புனிதரின் பெயர் என்றவுடன் நாம் கவனிக்க வேண்டிய ஒரு விந்தை இருக்கிறது. நம் முன்னோர் பெயர்களை மொழிபெயர்த்தார்கள். ஒலியை அப்படியே எடுத்துக்கொண்டதும் உண்டு. அந்தோணி, செபஸ்தியான், மிக்கேல், சூசை எல்லாம் அவ்வகை. சூசை என்பது ஜோசப்பின் போர்த்துக்கீசிய ஒலி நம் நாவில் திரிந்தது. ஆனால் பொருளை அறிந்து தமிழாக்கிய பெயர்களே சுவையானவை. யோவான் என்னும் எபிரேயப் பெயருக்குக் கடவுள் அருள்கூர்ந்தார் என்பது பொருள், ஆகவே அருளப்பர். பவுல் என்னும் இலத்தீன் சொல்லுக்குச் சிறியவர் என்பது பொருள், ஆகவே சின்னப்பர். ஸ்தேபான் என்றால் கிரேக்க மொழியில் மகுடம், ஆகவே முடியப்பர். பெனடிக்ட் என்றால் ஆசி பெற்றவர், ஆகவே ஆசீர்வாதப்பர். டொமினிக் என்றால் ஆண்டவருக்குரியவர், ஆகவே சாமிநாதர். அலோசியஸ் கொன்சாகா நமக்கு ஞானப்பிரகாசியார் ஆனார்.

1995ஆம் ஆண்டில் வெளிவந்த பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியம் பேதுரு, பவுல், யோவான் என்னும் வடிவங்களைக் கொண்டது. அதற்குப்பின் பள்ளிக்கு வந்த பிள்ளைகளுக்குச் சின்னப்பர் யார், முடியப்பர் யார் என்பது தெரியாமற்போயிற்று. அதன் விளைவை இன்று பெயர்களில் காண்கிறோம். மகனுக்குப் பால் என்று வைத்து, தாத்தாவின் நினைவாகச் சின்னப்பன் என்று சேர்த்தால் அவன் பெயர் பவுல் பவுல். ஸ்டீபன் முடியப்பன் என்றால் ஸ்டீபன் ஸ்டீபன். பெனடிக்ட் ஆசீர்வாதம், ஜான் அருளப்பன், பீட்டர் இராயப்பன், ஜோசப் சூசை எல்லாம் இந்தக் கணக்கே. இது பாவமன்று, கேட்பதற்குக் கம்பீரமாகக்கூட இருக்கிறது. தெரிந்து வைத்தால் அழகு. தெரியாமல் வைத்தால், இரண்டு பாதுகாவலர் இருப்பதாக எண்ணியிருந்த பையன் ஒருவரோடு நின்றுவிடுவான்.

பெயரை மொழிபெயர்ப்பதில் வீரமாமுனிவருக்கு இணை அவரே. 1680ஆம் ஆண்டில் இத்தாலியில் பிறந்த அவருடைய பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. கான்ஸ்டன்டைன் என்பதற்கு உறுதி தளராதவர் என்று பொருள். தமிழகம் வந்ததும் அதைத் தைரியநாதர் என்று ஆக்கிக்கொண்டார். வீரமாமுனிவர் என்ற பெயர் பின்னர் வந்தது. அவருடைய இரண்டாம் பெயர் என்னவாயிற்று? அதுவே தேம்பாவணியின் காவியத் தலைவர் ஆயிற்று. யோசேப்பு என்னும் எபிரேயப் பெயருக்கு மேலும் சேர்ப்பாராக, பெருக்குவாராக என்பது கருத்து. ராக்கேல் தன் முதல் மகனைப் பெற்றபோது, ஆண்டவர் இன்னுமொரு மகனைச் சேர்த்துத் தரவேண்டும் என்று வேண்டி இட்ட பெயர் அது. முனிவர் அப்பொருளைப் பிடித்து வளன் என்றார். வளம், வளர்தல் எல்லாம் அச்சொல்லில் அடங்கிவிட்டன. திருச்சிராப்பள்ளியில் தூய வளனார் கல்லூரி என்ற பெயரைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். தம்பியின் முதற்பெயர் வெளிநாட்டு ஒலியோடு இருந்தால், இரண்டாம் பெயராக வளன் என்று சேர்த்துப் பாருங்கள். ஆல்பர்ட் வளன், பிராங்க் வளன். சூசையென்று வைத்தால் பள்ளியில் பையன்கள் கேலி செய்வார்களே என்று அஞ்சும் தாய்மாரும் இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார்கள். (சூசை என்பதில் கேலிக்கு என்ன இருக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை. அது வேறு.)

இரண்டு பெயரும் ஒன்றோடொன்று பொருந்தி வரலாற்றில் நின்றவர்களையும் பார்ப்போம். நட்டாலத்தில் 1712ஆம் ஆண்டில் பிறந்த நீலகண்டன், 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றபோது லாசர் என்னும் பெயரை ஏற்றார். கடவுள் துணைபுரிந்தார் என்னும் அதன் பொருளைத் தமிழில் தேவசகாயம் என்றார்கள். 1752ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் காட்டாடி மலையில் அவர் சுடப்பட்டு இறந்தார். 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் ரோமையில் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, தேவசகாயம் என அழைக்கப்படும் லாசர் என்று இரண்டு பெயரும் சேர்ந்தே ஒலித்தன. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவரும், தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879ஆம் ஆண்டில் வெளியிட்டவருமான அறிஞரின் முழுப்பெயர் சாமுவேல் வேதநாயகம் பிள்ளை. சாமுவேலைச் சொன்னால் யாருக்குத் தெரியும்? வேதநாயகம் என்றால் எல்லோருக்கும் தெரியும். உலகத் தமிழ் மாநாடுகளுக்கு வித்திட்ட யாழ்ப்பாணத்துத் தனிநாயகம் அடிகளார் சேவியர் என்று ஞானஸ்நானம் பெற்றவர். தனிநாயகம் அவர் பின்னர் சேர்த்துக்கொண்ட முன்னோர் பெயர். கல்லேரியில் பிறந்து 1985ஆம் ஆண்டில் கர்தினால் ஆன துரைசாமி சைமன் லூர்துசாமியிடம் தந்தை பெயர், அப்போஸ்தலர் பெயர், மாதா பெயர் மூன்றும் வரிசையாக நிற்கின்றன. உலகம் அழைத்ததோ கடைசிப் பெயரால்.

நம் பிள்ளைகளுக்கு இடும் சில பெயர்கள் பெயர்களே அல்ல என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். 1542ஆம் ஆண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த புனிதரின் பெயர் பிரான்சிஸ். சேவியர் என்பது ஸ்பெயின் நாட்டின் நவார் பகுதியில் அவர் பிறந்த கோட்டையின் பெயர். புது வீடு என்று பொருள்படும் பாஸ்க் மொழிச் சொல்லிலிருந்து வந்தது. புதுவீடு என்று எவரேனும் பிள்ளைக்குப் பெயரிடுவார்களா? ஆனால் சேவியர், சவரிமுத்து, சவரிராயன், சவரியப்பன் என்று நானூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பெயரிட்டுவருகிறோம். போஸ்கோ என்றால் இத்தாலிய மொழியில் காடு. சாவியோ என்றால் அறிவுடையவர். அசிசி என்பது ஊர். பிரிட்டோ, வியான்னி, கொன்சாகா, பெல்லார்மின் எல்லாம் அப்புனிதர்களின் குடும்பப்பெயர்கள். ஐரோப்பாவில் கடைசியில் நின்ற பெயரைக் கொண்டுவந்து நாம் பிள்ளையின் பெயராக்கிவிட்டோம். இதில் குறைகாண ஏதுமில்லை. ஜான் என்ற பெயரில் புனிதர் எத்தனையோ பேர் இருக்க, பிரிட்டோ என்று சேர்த்தவுடன் லிஸ்பனில் 1647ஆம் ஆண்டில் பிறந்து, 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டுண்டு உயிர்நீத்தவர் இவர்தான் என்று விளங்கிவிடுகிறது. அவருடைய தமிழ்ப்பெயர் அருளானந்தர். யோவானுக்குள் இருந்த அருள் அதற்குள்ளும் இருப்பதைக் கவனித்தீர்களா? ஆகவே தம்பிக்கு ஜான் பிரிட்டோ என்று வைப்பதும் அருளானந்தம் என்று வைப்பதும் ஒருவரையே பாதுகாவலராகக் கொள்வதாகும். இரண்டையும் சேர்த்து வைக்க வேண்டியதில்லை.

பெண்கள் பள்ளியின் மலரில் மற்றொன்றைச் சொல்லாமல் விடலாகாது. ஆண்பிள்ளைக்கு ஒரு பெண்ணின் பெயரை இரண்டாம் பெயராக இடும் வழக்கம் கத்தோலிக்கரிடையே உலகெங்கும் உண்டு. அது மரியாளின் பெயர். ஆர்ஸ் நகரத்துப் பங்குக்குரு ஜான் மரிய வியான்னி. ஆஷ்விட்ஸ் சிறைமுகாமில் மற்றொருவருக்காகத் தம் உயிரைக் கொடுத்து 1941ஆம் ஆண்டில் இறந்த மாக்சிமிலியன் மரிய கோல்பே. இசைமேதை கார்ல் மரிய பொன் வேபர். திருச்சபையைச் சாடி எழுதிய வால்டேருக்கும் பெற்றோர் இட்ட பெயர் பிரான்சுவா மரி என்பது! ஜெர்மனியில் ஆண்பிள்ளைக்குப் பெண்பெயர் இடுவதைப் பதிவாளர்கள் நெடுங்காலம் ஏற்றதில்லை. மரியா ஒன்றுக்கே விலக்கு அளித்தார்கள், அதுவும் இரண்டாம் பெயராக இருந்தால் மட்டும்.

தமிழரோ இதில் ஐரோப்பியரை மிஞ்சிவிட்டார்கள். மரிய அந்தோணி, மரிய சூசை, மரியதாஸ் என்று அவள் பெயரை இட்டதோடு நில்லாமல் அவளுடைய பட்டங்களையும் கோயில்களையும் ஆண்பிள்ளைகளுக்குச் சூட்டினார்கள். வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதா ஆரோக்கியசாமியையும் ஆரோக்கியராஜையும் தந்தாள். ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா அடைக்கலத்தைத் தந்தாள். தூத்துக்குடிப் பனிமய மாதா பனிமயத்தைத் தந்தாள். சகாய மாதா சகாயராஜை, லூர்து மாதா லூர்துசாமியை. செபமாலைகூட ஓர் ஆணின் பெயராயிற்று. மீசை வைத்த பெரியவர் ஒருவர் தம் பெயர் செபமாலை என்று சொல்லும்போது அதில் எத்தகைய எளிமை இருக்கிறது! சகாயம், ஆரோக்கியம், லூர்து ஆகியவை பெண்ணுக்கும் ஆணுக்கும் பொதுவானவை. அக்காள் லூர்து மேரி, தம்பி கெவின் லூர்து என்றிருந்தால் யார் வீட்டுப் பிள்ளைகள் என்பது பெயரிலேயே தெரியும். குடும்பப்பெயர் இல்லாத நமக்கு இது ஒரு நல்ல வழி.

இனி, தாத்தாவின் பெயர். பேரனுக்குப் பாட்டன் பெயர் இடுவது தமிழ் வழக்கம்; பேரன் என்ற சொல்லே பெயரைத் தாங்குபவன் என்பதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். ஆனால் மருமகள் தன் மாமனாரின் பெயரை வாய்விட்டுச் சொல்லாத காலம் ஒன்று இருந்தது. பெற்ற பிள்ளையை எப்படிக் கூப்பிடுவாள்? அதற்காகவே வீட்டுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. ராசு, செல்வம், தம்புராசு என்று கூப்பிட்டுக்கொண்டு, ஏட்டில் மட்டும் தாத்தாவை வைத்தார்கள். இன்று அந்தக் கூச்சம் பெரிதும் குறைந்துவிட்டது. ஆயினும் தாத்தா பெயரை முதற்பெயராக வைக்கத் தயங்குகிறவர்கள் இரண்டாம் இடத்தில் வைத்து இரு தரப்பையும் திருப்திப்படுத்துகிறார்கள். அப்பாவைப் பெற்ற தாத்தாவா, அம்மாவைப் பெற்ற தாத்தாவா என்ற சண்டை வந்தால் அதை இக்கட்டுரையால் தீர்க்க முடியாது. உறவினரின் தலையீடு எவ்வளவு பழையது என்பதை மட்டும் சொல்லலாம். செக்கரியாவின் வீட்டில் குழந்தைக்குத் தந்தையின் பெயரை வைக்கவேண்டும் என்று சுற்றத்தார் ஒரே பிடிவாதம். தாய் எலிசபெத்து யோவான் என்றாள். உங்கள் உறவில் அப்பெயர் யாருக்கும் இல்லையே என்று மறுத்தார்கள். பேச்சிழந்திருந்த தந்தை எழுதுபலகையைக் கேட்டு வாங்கி, தாய் சொன்ன பெயரையே எழுதிக் கொடுத்தார் என்று லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரம் சொல்கிறது.

பொருள் பொருந்தினால் போதாது. ஓசையும் பொருந்த வேண்டும். இதற்கு இலக்கண வகுப்பில் படித்த புணர்ச்சி விதி கைகொடுக்கும். முதற்பெயர் மெய்யில் முடிந்து இரண்டாவது உயிரில் தொடங்கினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்: எட்வின் அந்தோணி, எட்வினந்தோணி ஆகிறான். இது இனிமையே. மெய்யின்மேல் அதே மெய் வந்தால்தான் தொல்லை. பீட்டர் ராயன் என்பதில் ரகரம் இரட்டிக்கிறது. அருள் லூர்து என்பதில் ளகரத்திலிருந்து லகரத்துக்குத் தாவ நாக்கு தடுமாறுகிறது. ஜோசப் பால் என்று வைத்துப் பாருங்கள். "ஜோசப்பால் எழுதப்பட்டது" என்று மூன்றாம் வேற்றுமை ஆகிவிடும். பால் என்னும் பெயரை வாசலில் நின்று உரக்கக் கூப்பிட்டால் பால்காரர் திரும்பிப் பார்ப்பார் என்பதையும் மறக்க வேண்டாம்.

கெவின் செல்வின், ராபின் எட்வின் என ஒரே ஈற்றில் முடியும் பெயர்களைச் சேர்ப்பது இப்போது அதிகமாகக் காணப்படுகிறது. தொட்டிலில் இருக்கும்வரை அது காதுக்கு இனிக்கும். ஐம்பது வயது ஆசிரியருக்கோ மருத்துவருக்கோ அது விளையாட்டுப் பெயராகத் தோன்றும். நீளத்திலும் அளவு வேண்டும். செபஸ்தியான் ஞானப்பிரகாசம் என்று இரண்டும் நெடிதாக இருந்தால் வருகைப்பதிவு எடுக்கும் ஆசிரியைக்கு மூச்சுவாங்கும். ஒன்று குறுகி மற்றொன்று நீண்டால் நடை நன்றாக இருக்கும்: ஜான் ஆரோக்கியம், கெவின் தேவசகாயம், செபஸ்தியான் அருள். பெற்றோர் விரும்பும் முதற்பெயரின் வேர் எது என்றும் விசாரியுங்கள். கெவின் என்பது ஏதோ புதிய சினிமாப் பெயர் என்று பாட்டி முகம் சுளித்தால், அயர்லாந்தில் கிளெண்டலாக் மடத்தை நிறுவிய துறவி ஒருவரின் பெயர் அது, ஜூன் 3ஆம் நாள் அவர் திருநாள் என்று சொல்லிச் சமாதானப்படுத்தலாம். ரோஷன் என்பது பாரசீகத்திலிருந்து வந்தது. ஒளி என்று பொருள். ரோஷன் பிரகாஷ் என்றால் ஒளி ஒளி. ரோஷன் சூசை என்றால் எவ்வளவோ மேல்.

கடைசியாகக் காகிதங்கள். பெற்றோர்கள் இந்தப் பகுதியைக் கட்டாயம் படிக்கவேண்டும். ஏனெனில் பெயரில் நேரும் பிழைக்குப் பெற்றோர் அல்லர், பிள்ளையே பிற்காலத்தில் அலைகிறான். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி குழந்தை பிறந்த 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். அப்போது பெயர் முடிவாகாவிட்டால் பெயரின்றியே பதியலாம். 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப்பின் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டுவரை சேர்க்கலாம். ஆகவே அவசரத்தில் மருத்துவமனையில் ஒரு பெயரும், கோயிலில் வேறொரு பெயரும் கொடுக்கவேண்டிய கட்டாயமே இல்லை. 2023ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாளுக்குப்பின் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழே அடிப்படை. அதிலுள்ள பெயரும் ஞானஸ்நானப் பதிவேட்டிலுள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருப்பது நல்லது. பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்குப் பிறகு ஒரு பெயரை மாற்ற வேண்டுமானால் அரசிதழில் அறிவிப்பு வெளியிடும் அளவுக்குப் போகவேண்டியிருக்கும்.

இரண்டு சொல்லையும் சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா என்பதையும் முதலிலேயே தீர்மானியுங்கள். ஆரோக்கியராஜ் ஒரு பெயர். ஆரோக்கிய ராஜ் இரண்டு பெயர். ஒரு சான்றிதழில் ஒட்டியும் மற்றொன்றில் வெட்டியும் இருந்தால் இருவேறு ஆட்கள் என்று கணிப்பொறி சொல்லிவிடும். பாஸ்போர்ட் படிவத்தில் இட்ட பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் உண்டு. நாம் பார்த்த சூ. ஜான் பிரிட்டோ, இட்ட பெயர் ஜான், குடும்பப்பெயர் பிரிட்டோ என்று நிரப்பலாம்; அல்லது ஜான் பிரிட்டோ முழுவதையும் இட்ட பெயராக வைத்து, தந்தையின் பெயரான சூசையைக் குடும்பப்பெயர் ஆக்கலாம். எதைச் செய்தாலும் வாழ்நாள் முழுதும் அதையே செய்யவேண்டும். கட்டத்தை வெறுமையாக விடுவது மட்டும் உகந்ததன்று. 2022ஆம் ஆண்டு நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசா இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது நம் ஊர்ப் பயணிகள் பலர் கலங்கினார்கள். தந்தை பெயர் வேறு பக்கத்தில் இருந்தால் போதும் என்ற விளக்கம் அதன்பிறகுதான் வந்தது.

தலைப்பெழுத்தையும் மறக்க வேண்டாம். 2021ஆம் ஆண்டில் தமிழக அரசு, பெயரைப் போலவே தலைப்பெழுத்தையும் தமிழில் எழுதவேண்டும் என்று ஆணையிட்டது. தந்தை சேவியரானால் மகனுக்குத் தமிழில் சே., ஆங்கிலத்தில் எக்ஸ். இரண்டும் ஒருவரே என்று விளக்கிச் சொல்லும் நேரம் எப்போதாவது வரும்.

எல்லாம் முடிவானபின் ஒரு துண்டுத்தாளில் பெயரை முழுமையாக எழுதுங்கள். தமிழில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி, தந்தையின் பெயர் தனியே. இரண்டு படி எடுத்து ஒன்றைக் கோயில் அலுவலகத்திலும் மற்றொன்றைப் பிறப்புப் பதிவு அலுவலகத்திலும் கொடுங்கள். வாயால் சொன்னால் சவரி, சேவியர், சவேரியார் மூன்றும் எழுதுபவரின் காதைப் பொறுத்தே அமையும். ஆங்கிலத்தில் பிரிட்டோவுக்கு ஒரு 'டி' போதுமா, இரண்டு வேண்டுமா என்பதையும் அன்றே தீர்த்துக்கொள்ளலாம்.